குளிர்காலத்தில் அமெரிக்கா: மகன் அழைக்கிறான், போகலாமா?



நம்முடைய பல இல்லங்களுக்கு இன்று அமெரிக்கா அயல்நாடு அன்று; அடுத்த தெருவைப் போல் ஆகிவிட்டது. மகன் அங்கே, மகள் அங்கே, பேரப்பிள்ளைகள் அங்கே. ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேச்சு. அந்தப் பேச்சின் நடுவே, பெரும்பாலும் ஐப்பசி மழை தொடங்கும் வேளையில், ஓர் அழைப்பு வந்து சேர்கிறது. “அப்பா, ஜனவரியில் விமானக் கட்டணம் நன்றாகக் குறைந்திருக்கிறது. நீங்களும் அம்மாவும் புறப்பட்டு வாருங்கள். எங்கே போனாலும் கூட்டம் இராது, நிம்மதியாகச் சுற்றிப் பார்க்கலாம்.”

அழைப்பில் அன்பு இருக்கிறது, ஐயமில்லை. தந்தை மறுநாளே பெட்டியைப் பரணிலிருந்து இறக்குகிறார். தாய்க்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு கேள்வி: முழங்கால் வலியோடு அந்தக் குளிரைத் தாங்க முடியுமா? மகன் மனம் நோகும் என்று அவர் அதை வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்கப்படாத அந்தக் கேள்வியின் சார்பாகவே இம்மாதம் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். போக வேண்டாம் என்று தடுப்பது என் நோக்கமன்று. வாழ்நாளில் ஒருமுறையே வாய்க்கக்கூடிய பயணம், பல ஆண்டுச் சேமிப்பில் நடக்கும் பயணம், மலிவு விலை ஒன்றையே வழிகாட்டியாகக் கொண்டு அமைந்துவிடக் கூடாது என்பதே என் கவலை.

முதலில் மகனிடம் கேட்க வேண்டிய கேள்வி, “அங்கே குளிர் எப்படி?” என்பதன்று. “எந்த அமெரிக்கா?” என்பதே. பரப்பில் அந்நாடு இந்தியாவைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. கீழ்க்கரைக்கும் மேல்கரைக்கும் இடையே 4,500 கிலோமீட்டர் தொலைவு. ஒரே ஜனவரி நாளில் புளோரிடாவின் மயாமி நகரில் பகல் வெப்பம் 24, 25 டிகிரி. நம் மார்கழிக் காலையைப் போன்ற இதமான பொழுது. அதே நாளில் வடக்கே மினியாபொலிஸ் நகரில் நண்பகலிலும் உறைநிலைக்குக் கீழே 4, 5 டிகிரி. இரவில் உறைநிலைக்குக் கீழே 12, 13 டிகிரி. ஓர் இடத்தில் மக்கள் கடலில் நீராடுகிறார்கள். மற்றோர் இடத்தில் உறைந்துபோன ஏரியின்மேல் துளையிட்டு மீன் பிடிக்கிறார்கள். இரண்டும் ஒரே நாடு, ஒரே மாதம்.

இவ்வளவு கடுமை ஏன் என்று சிந்தித்தால் ஓர் உண்மை விளங்கும். நம் நாட்டுக்கு வடக்கே இமயம் கிழக்கு மேற்காகப் படுத்து, நடு ஆசியாவின் குளிர்காற்றை மறித்து நிற்கிறது. அமெரிக்காவின் பெரிய மலைத்தொடர்களோ வடக்கு தெற்காக ஓடுகின்றன. ஆகவே கனடாவின் வடகோடியில் திரளும் குளிர்காற்று தடையின்றிச் சமவெளியில் இறங்கி, சில வேளைகளில் டெக்சாஸ் மாநிலத்தின் தென்கடற்கரை வரைக்கும் வந்துவிடுகிறது. கோட்டைச் சுவர் இல்லாத ஊருக்குள் படை நுழைவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். “தெற்குதானே, குளிராது” என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாததற்குக் காரணம் இதுவே.

அடுத்தது, சீசன் இல்லாத காலம் என்ற சொல்லின் பொருள். குற்றாலத்துக்குச் சீசன் உண்டு என்பதை நாம் அறிவோம். அது கழிந்த பின் அங்கே போகிறவர், அறை மலிவாகக் கிடைத்த மகிழ்ச்சியோடு வறண்ட பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். அமெரிக்கா போன்ற பெருநாட்டில் சிக்கல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஓரிடத்தில் சீசன் முடியும்போது வேறிடத்தில் அது உச்சத்தில் இருக்கிறது. வடபகுதியில் வாழும் ஓய்வுபெற்ற முதியோர் பல்லாயிரக்கணக்கில் பனிக்கு அஞ்சி புளோரிடாவுக்கும் அரிசோனாவுக்கும் இறங்கி வந்து, பங்குனி வரை அங்கேயே தங்கிவிடுகிறார்கள். அவர்களைப் ‘பனிப்பறவைகள்’ என்றே அழைக்கிறார்கள். ஆகவே மயாமியிலும் பீனிக்ஸிலும் பிப்ரவரி மாத அறை வாடகை மலிவாயிருக்கும் என்று கணக்குப் போடுகிறவர் ஏமாந்து போவார். மலிவாகக் கிடைப்பது நியூயார்க், வாஷிங்டன், சிகாகோ போன்ற வடநகரங்களில்தான். ஏன் மலிவு என்பதை ஜனவரி இரவில் சிகாகோ ஏரிக்கரையில் ஐந்து நிமிடம் நின்றால் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நாட்களைப் பற்றியும் ஒரு சொல். டிசம்பர் நடுவிலிருந்து புத்தாண்டு முடியும் வரை விமானக் கட்டணம் உச்சியில் இருக்கும். ஜனவரி இரண்டாம் வாரத்துக்குப் பிறகே இறங்கத் தொடங்கும். மகனோடு கிறிஸ்து பிறப்பு விழாவைக் கொண்டாட விரும்பினால் அதற்குரிய விலையைக் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்கலாம், அதில் தவறில்லை. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் மூன்றாம் திங்கட்கிழமைகள் அங்கே அரசு விடுமுறை நாட்கள். அவற்றை ஒட்டிய சனி, ஞாயிறுகளில் பனிச்சறுக்கு விளையாடும் மலையூர்களில் கால் வைக்க இடமிராது. நியூ ஆர்லியன்ஸ் நகரில் திருநீற்றுப் புதனுக்கு முந்திய நாள் வரை பெருங்களியாட்டம் நடக்கும். அந்த நாள் ஆண்டுதோறும் பிப்ரவரி 3-க்கும் மார்ச் 9-க்கும் இடையே மாறி மாறி வருவது. நம் வீட்டு நாட்காட்டியில் திருநீற்றுப் புதன் எப்போது என்று பார்த்துக்கொண்டால் போதும், அந்த ஊருக்கு எப்போது போகக்கூடாது என்பது தெரிந்துவிடும். மார்ச் நடுவில் பள்ளி, கல்லூரிகளுக்கு வசந்த விடுமுறை தொடங்கிவிடும். ஆக, உண்மையான அமைதிக் காலம் ஜனவரி இரண்டாம் வாரம் முதல் மார்ச் முதல் வாரம் வரை உள்ள ஏறத்தாழ எட்டு வாரங்களே.

இந்த எட்டு வாரங்களில் மூடிக் கிடப்பவை எவை? படங்களில் பார்த்து மனத்தில் பதித்துக்கொண்ட இடங்களைப் பற்றி ஏமாற்றம் நேராதிருக்க இதை முன்பே அறிவது நல்லது. யெல்லோஸ்டோன் பூங்காவின் பெரும்பாலான சாலைகள் நவம்பர் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் பிற்பகுதி வரை கார்களுக்கு அடைக்கப்படுகின்றன. பனிமேல் ஓடும் தனி வண்டிகளில் அழைத்துச் செல்வார்கள், செலவு மிகுதி. யோசெமிட்டியில் பள்ளத்தாக்கு ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். அதற்கு மேலே மலையைக் கடக்கும் டியோகா சாலையோ வழக்கமாக நவம்பரில் மூடப்பட்டு மே இறுதியிலோ ஜூனிலோதான் திறக்கும். கிராண்ட் கேன்யனின் வடகரையும் அப்படியே. நயாகராவில் அருவியின் அடிக்கே இட்டுச் செல்லும் படகுகள் குளிர்காலத்தில் ஓடுவதில்லை. அருவி உறைந்து நின்றுவிடுவதாகப் பலர் கதை சொல்வர். வெளிப்புறம் பனிக்கட்டி போர்த்திருக்கும். உள்ளே நீர் பாய்ந்துகொண்டே இருக்கும். 1848 மார்ச் இறுதியில் மட்டும், ஏரியின் வாயிலைப் பனிக்கட்டிகள் அடைத்துக்கொண்டதால் ஒரு நாளுக்கு மேல் நீர் வரத்து நின்றுபோனது வரலாறு.

ஆனால் குளிர்காலத்தில்தான் கதவைத் திறக்கும் இடங்களும் உண்டு. கிராண்ட் கேன்யனின் தென்கரையில் விளிம்பை ஒட்டியே ஹெர்மிட் சாலை என்ற 11 கிலோமீட்டர்ச் சாலை போகிறது. மார்ச் முதல் நவம்பர் வரை அதில் சொந்தக் கார்களுக்கு இடமில்லை. வரிசையில் நின்று பூங்காப் பேருந்தில்தான் செல்ல வேண்டும். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூன்று மாதங்களில் மட்டும் நம் காரிலேயே போகலாம். விரும்பிய இடத்தில் நிறுத்தி, வேண்டிய மட்டும் பார்க்கலாம். முழங்கால் வலி உள்ள ஒரு தாய்க்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேறென்ன வேண்டும்? ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: தென்கரை கடல்மட்டத்துக்கு மேல் 2,100 மீட்டர் உயரம், நம் கொடைக்கானலின் உயரம். இரவில் உறைநிலைக்குக் கீழே 8 டிகிரி வரை இறங்குவது வழக்கம். அரிசோனா பாலைவனம் என்று எண்ணிச் சட்டையோடு போய் நிற்பவர் நடுங்கிப் போவார். அந்த மாநிலத்தில் வெப்பத்தைத் தீர்மானிப்பது மாதம் மட்டுமன்று, உயரமுங்கூட.

டெத் வேலி என்னும் மரணப் பள்ளத்தாக்கு இன்னொன்று. 1913 ஜூலை 10-ஆம் நாள் அங்கே 56.7 டிகிரி வெப்பம் பதிவாகி, உலகிலேயே மிக அதிகமான வெப்பமாகக் கணக்கில் ஏறியது. கோடையில் அங்கே செல்வது உயிரோடு விளையாடுவதாகும். ஜனவரியிலோ பகலில் 19, 20 டிகிரி. பொன்னிற மணல்மேடுகளில் முதியோரும் மெல்ல நடந்து வரலாம். புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழையில்லாக் காலம். நீர் வற்றி ஆங்காங்கே குட்டைகளாகத் தேங்க, கொக்கும் நாரையும் முதலையும் அக்குட்டைகளைச் சுற்றிக் கூடிவிடுகின்றன. கொசுத்தொல்லையும் குறைவு. வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களுக்குக் கட்டணம் இல்லை. டிசம்பர் 25 ஒரு நாள் மட்டுமே விடுமுறை. கோடையில் மணிக்கணக்கில் வரிசை நிற்கும் கூடங்களில் பிப்ரவரிச் செவ்வாய்க்கிழமை காலை நீங்களும் காவலரும் மட்டுமே இருப்பீர்கள்.

என்னைக் கேட்டால், குளிர்காலப் பயணத்துக்கு நான் சொல்லும் வழி ஒன்றுண்டு. பெருநாட்டைப் பார்க்கிறோம் என்று வடக்கே இரண்டு நாள், தெற்கே இரண்டு நாள், மேற்கே மூன்று நாள் என்று தாவுவது வேண்டாம். ஒரே பயணத்தில் பனிக்கும் வெயிலுக்கும் துணி கட்ட வேண்டிவரும். உடலும் எதற்கும் பழகாது. ஒரு தட்பவெப்பத்தைத் தேர்ந்துகொண்டு அதன் வழியே நீளவாக்கில் செல்லுங்கள். அதற்கென்றே அமைந்தாற்போல் ஒரு நெடுஞ்சாலை இருக்கிறது. புளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில் தொடங்கி, தென்னெல்லையை ஒட்டியே ஓடி, லாஸ் ஏஞ்சல்ஸுக்கு அருகே பசிபிக் கடலில் முடியும் 10-ஆம் எண் சாலை. நீளம் ஏறத்தாழ 3,960 கிலோமீட்டர். முழுவதையும் ஓட்டுவார் சிலரே. ஒரு பகுதியைத் தேர்ந்தாலே நிறைவான பயணம் கிடைக்கும்.

அச்சாலையில் உள்ளது டெக்சாஸின் சான் அந்தோனியோ. 1691 ஜூன் 13-ஆம் நாள், பதுவை புனித அந்தோனியாரின் திருவிழாவன்று, ஸ்பானியர் அவ்விடத்தை அடைந்ததால் அப்பெயரிட்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சிஸ்கன் துறவியர் ஆற்றங்கரையில் நிறுவிய ஐந்து பணித்தளங்கள் இன்றும் நிற்கின்றன. 2015-இல் அவை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. அவற்றுள் நான்கு இன்றும் பங்குக் கோவில்களாகத் திருப்பலி நடக்கும் இடங்கள் என்பது நம் வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரும். கோடையில் தாங்கவொண்ணா வெயில் அடிக்கும் அந்தக் கல்முற்றங்களில் ஜனவரியில் ஒரு கம்பளிச் சட்டையோடு உலாவலாம்.

மேற்கே சென்றால் எல் பாசோ. அங்கிருந்து கிழக்கே சில மணிநேரப் பயணத்தில் கார்ல்ஸ்பாட் குகைகள். பூமிக்கடியில் ஆண்டு முழுவதும் ஒரே சீராக 13 டிகிரி. வெளியே வெயிலானால் என்ன, பனியானால் என்ன? இறங்க மின்தூக்கி உண்டு. கோடை மாலைகளில் குகைவாயிலிலிருந்து கூட்டங்கூட்டமாகப் பறக்கும் வௌவால்களை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அவை குளிருக்கு மெக்சிகோ போய்விடும். அவை போனால் என்ன, பறவைகள் வருகின்றன! ரியோ கிராண்டே ஆற்றோரம் போஸ்கே டெல் அப்பாச்சே என்னும் சரணாலயத்தில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஆயிரக்கணக்கான மணற்கொக்குகளும் வெண்வாத்துகளும் தங்குகின்றன. விடியற்காலையில் அவை ஒருசேர எழும்பும் காட்சியைக் காண்பதற்காகவே தொலைவிலிருந்து மக்கள் வந்து குளிரில் காத்து நிற்கிறார்கள். வேடந்தாங்கலைப் பார்த்து வளர்ந்த கண்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

கலிபோர்னியாவுக்கு வந்தால் சிறு எச்சரிக்கை. அங்கே மழைக்காலமே குளிர்காலந்தான். சான் டியாகோவில் பகலில் 19 டிகிரி, இதம். ஆயினும் சில நாட்கள் தொடர்ந்து பெய்யக்கூடும். பிக் சர் கரையோரச் சாலை மண்சரிவால் அடிக்கடி மூடப்படுவது. அதற்கு ஈடாக, கோடையில் காய்ந்து பழுப்பேறிக் கிடக்கும் குன்றுகள் அப்போது பச்சைப்பசேலென்று இருக்கும். கரையில் நின்றபடியே சாம்பல்நிறத் திமிங்கிலங்கள் தெற்கே போவதைக் காணலாம்.

இதுவரை சொன்னது சுற்றுலா. ஆனால் பெற்றோர் அமெரிக்காவுக்குப் போவது சுற்றுலாவுக்காகவா? பிள்ளையோடு இருக்கவே போகிறார்கள். பிள்ளை வேலை செய்யும் ஊரை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. அவன் மினசோட்டாவிலோ மிச்சிகனிலோ இருந்தால்?

இங்கேதான் அதிகம் பேசப்படாத செய்தி ஒன்று இருக்கிறது. காலை எட்டு மணிக்கு மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவர். பேரன் பள்ளிக்குப் போய்விடுவான். வீட்டைச் சுற்றிலும் பனி. பேருந்து இல்லை, கார் ஓட்டத் தெரியாது. நடந்து போக அண்டை வீடு இருந்தாலும் மொழியும் முகமும் புதிது. வடநகரங்களில் டிசம்பர் இறுதியில் மாலை நாலரை மணிக்கே இருட்டிவிடும். ஊரில் காலைப் பூசைக்கும் கடைத்தெருவுக்கும் நடந்தே பழகிய மனிதர் இரண்டு மாதம் சன்னலோரம் உட்கார்ந்திருப்பார். மகனுக்கு அது தெரியாது. சொன்னால் வருந்துவானே என்று தந்தையும் சொல்லமாட்டார். திரும்பி வந்தபின் “எல்லாம் நன்றாகத்தான் இருந்தது” என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும் பெற்றோரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தச் சொல்லுக்குள் எத்தனை பகற்பொழுதுகள் அடங்கியிருக்கின்றன!

ஆகவே வடபுலத்தில் பிள்ளை உள்ளவர்களுக்கு என் கருத்து இது: கட்டாயம் இல்லையென்றால் மே முதல் செப்டம்பருக்குள் போங்கள், கட்டணம் கூடினாலும் பரவாயில்லை, திங்களையும் செவ்வாயையும் நீங்களே நடத்திக்கொள்ளலாம். மகள் பேறுகாலத்துக்காகக் குளிரில்தான் போயாக வேண்டும் என்றால், தயங்காமல் போங்கள்; கையில் குழந்தையிருக்கும் வீட்டில் பகல் நீளமாகத் தோன்றாது. வேறு காரணத்துக்காகப் போகிறவர்கள், தங்கும் காலத்தைச் சுருக்கி, நடுவே மகனுக்கு விடுமுறை கிடைக்கும் ஒரு வாரத்தில் எல்லாரும் சேர்ந்து தெற்கே இறங்கிவர இப்போதே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ‘வந்தபின் பார்த்துக்கொள்ளலாம்’ என்பது நடவாது. பிள்ளைகளே, நீங்கள் இதைப் படித்தால், அழைப்பதற்கு முன் உங்கள் வீட்டில் ஒரு புதன்கிழமை பகல் எப்படிக் கழியும் என்று எண்ணிப் பாருங்கள். நடந்து செல்லும் தூரத்தில் நூலகம் உண்டா? வாரம் ஒரு நாள் வீட்டிலிருந்தே வேலை செய்ய இயலுமா?

இனி உடம்பைப் பற்றி. வெப்பமானி காட்டும் எண் ஒன்று. உடல் உணரும் குளிர் வேறு. காற்று வீசினால் குளிர் பன்மடங்காகும். உறைநிலைக்குக் கீழே 18 டிகிரியில், மணிக்கு 24 கிலோமீட்டர் வேகக் காற்று வீசினால், தோலுக்கு அது உறைநிலைக்குக் கீழே 28 டிகிரியாகவே படும். மூடப்படாத மூக்கும் காதும் அரை மணி நேரத்தில் உறைந்து புண்ணாகும். அங்கே பாரன்ஹீட் அளவில்தான் சொல்வார்கள். 32 என்றால் நீர் உறையும் நிலை. அதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் சூடேற்றப்பட்ட காற்று மிகவும் வறண்டிருக்கும். தொண்டை கரகரக்கும், மூக்கில் இரத்தம் கசியும், தோல் வெடிக்கும். தாகமில்லாவிட்டாலும் நீர் அருந்த வேண்டும். தேங்காய் எண்ணெய் ஒரு புட்டி எடுத்துச் செல்வது வீண்போகாது.

குளிரைவிட நான் அஞ்சுவது வழுக்கலுக்கு. பகலில் உருகிய பனி இரவில் மறுபடியும் உறைந்து, கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் தகடாகப் படியில் ஒட்டிக்கிடக்கும். அறுபதைக் கடந்தவர் அதில் விழுந்தால் இடுப்பெலும்பு முறிவதற்கு அதிக நேரம் ஆகாது. செருப்பு உதவாது, அடிப்பாகம் பிடிப்புள்ள, நீர் புகாத காலணி வேண்டும். அடிமேல் அடி வைத்து, கையைப் பைக்குள் நுழைக்காமல், வாத்து நடப்பது போல நடக்க வேண்டும். சிரிக்காதீர்கள், அந்நாட்டு மருத்துவர்களும் ஏறக்குறைய இப்படித்தான் சொல்கிறார்கள்.

நம் தாய்மார்கள் புடவையை விட மனம் ஒப்பார். விட வேண்டியதுமில்லை. உள்ளே உடலோடு ஒட்டிய தெர்மல் மேற்சட்டையும் கால்சட்டையும், கம்பளிக் காலுறையும் அணிந்து, அதன்மேல் புடவை உடுத்தி, மேலே முழங்கால் மறையும் கோட் அணிந்துகொள்ளலாம். புடவையை வழக்கத்தைவிட நான்கு விரற்கடை உயர்த்திக் கட்டுங்கள். இல்லையேல் கரை பனிச்சேற்றை உறிஞ்சி, நாள் முழுதும் கணுக்காலில் ஈரம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரே பருமனான ஸ்வெட்டரைவிட மெல்லியவை மூன்று நல்லது. கடைக்குள் போனதும் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். பெரிய கோட்டை இங்கே வாங்கிச் சுமக்க வேண்டாம். மகனுடைய நண்பர் வீட்டில் இரவலாகக் கிடைக்கும், அல்லது அங்கே ஜனவரித் தள்ளுபடியில் கிடைக்கும். ஆனால் விமான நிலையத்திலிருந்து கார் வரை போகவும் ஏதேனும் வேண்டுமே! ஒரு ஸ்வெட்டர், ஒரு சால்வை, குல்லாய் ஆகியவற்றைக் கைப்பையிலேயே வையுங்கள்.

புயலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை அரைகுறை. 2022 டிசம்பர் 23 முதல் பஃபலோ நகரைப் பனிப்புயல் தாக்கியபோது, பனிக்குப் பழகிய அந்த ஊரிலேயே 40-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் சிலர் சாலையில் சிக்கிய கார்களுக்குள்ளேயே உயிரிழந்தவர்கள். அதே வாரத்தில் ஒரு பெரிய உள்நாட்டு விமான நிறுவனத்தின் ஏற்பாடுகள் நிலைகுலைந்து, ஏறத்தாழ 16,900 விமானங்கள் ரத்தாயின. இருபது இலட்சம் பயணிகள் வழியில் நின்றனர். 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் வந்த உறைபனியோ தெற்குக்கும் பாதுகாப்பில்லை என்று காட்டியது. 45 இலட்சம் இல்லங்களில் மின்சாரம் போயிற்று. மாநில அரசின் கணக்குப்படியே 246 பேர் மாண்டனர். வடக்கே வீடுகள் குளிருக்கென்றே கட்டப்பட்டவை, தெற்கே அப்படியன்று. குளிர் தாங்காமல் மூடிய அறைக்குள் கரி மூட்டியும் கார் எஞ்சினை ஓடவிட்டும் நச்சுப்புகையால் இறந்தவர்களும் அவர்களுள் உண்டு. எந்த ஊரானாலும் மின்சாரம் நின்றால் இந்த இரண்டையும் ஒருபோதும் செய்யக்கூடாது.

இவை நாள்தோறும் நடப்பவை அல்ல. ஆனால் திட்டமிடுவதில் கொஞ்சம் தளர்வு வேண்டும் என்பதை இவை உணர்த்துகின்றன. அமெரிக்காவுக்குள் விமானம் மாற வேண்டியிருந்தால், காலை விமானமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மாலைக்குள் தாமதங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் குவிந்துவிடும். முதலில் இறங்கும் நிலையத்தில் குடிநுழைவுச் சோதனையும் பெட்டி எடுப்பதும் இருப்பதால் மூன்று மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளி போதாது. ஊர் திரும்பிய மறுநாளே திருமணம், புதுமனைப் புகுவிழா என்று வைத்துக்கொள்ளாதீர்கள். மலைச்சாலையில் கார் ஓட்டுகிறவன் மகனே ஆனாலும், புயல் எச்சரிக்கை வந்த நாளில் ஓட்டல் முன்பணம் போகட்டும் என்று விட்டுவிடச் சொல்லுங்கள். 1846-இல் டோனர் குழுவினர் என்ற 87 குடியேறிகள், புறப்படுவதிலும் தாமதித்து, நாட்களை மிச்சம் பிடிக்கலாமென்று யாரோ சொன்ன குறுக்குவழியையும் நம்பி, கலிபோர்னிய மலைமேல் பனியில் சிக்கினார்கள். ஏறத்தாழ பாதிப்பேர் மீளவில்லை. அவர்களுடைய பெயர் தாங்கிய கணவாயில் இன்று அகன்ற நெடுஞ்சாலை போகிறது. கடும்பனி நாட்களில் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டாத வண்டியை அங்கே இன்றும் திருப்பி அனுப்புகிறார்கள். சில நாள் சாலையையே மூடிவிடுகிறார்கள்.

இரயிலில் போக ஆசையுள்ளவர்களுக்குச் சிகாகோவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகே வரை செல்லும் ‘கலிபோர்னியா செஃபிர்’ இருக்கிறது. இரண்டு பெரும் மலைத்தொடர்களைக் கடந்து, 3,900 கிலோமீட்டரை 52 மணி நேரத்தில் ஓடும். சூடான பெட்டிக்குள் அமர்ந்து பனிமலையைக் காண இதற்கு நிகரில்லை. நேரத்துக்கு வந்து சேரும் என்று மட்டும் நம்பிவிட வேண்டாம்.

பணத்தைப் பற்றி இறுதியாகச் சில. விசா கைக்கு வரும் முன் திரும்பப்பெற முடியாத டிக்கெட்டை வாங்காதீர்கள். நேர்முகத்துக்கு நாள் கிடைக்கவே பல மாதம் ஆகக்கூடும். அங்கே முதியோருக்கு அரசு தரும் மருத்துவக் காப்பீடு விருந்தாளிகளுக்குக் கிடையாது. ஓர் இரவு மருத்துவமனையில் கழித்தால் டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததெல்லாம் பறந்துவிடும். ஆகவே பயணக் காப்பீடு எடுக்க வேண்டும். எடுக்கும்போது, ஏற்கெனவே உள்ள சர்க்கரை நோய்க்கும் இதயக் கோளாறுக்கும் அது பணம் தருமா என்ற ஒரு வரியைப் பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். மலிவான காப்பீடுகளில் பல அவ்விடத்தில்தான் கையை விரிக்கும். மாத்திரைகளை முழுக்காலத்துக்கும் கணக்கிட்டு, இரண்டு வாரம் கூடுதலாக, மருத்துவர் சீட்டோடு கைப்பெட்டியில் வையுங்கள். அங்கே சளிக்காய்ச்சல் உச்சமடைவது பெரும்பாலும் பிப்ரவரியில். புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம்.

விமான நிலையத்தில் சக்கர நாற்காலி கேட்பதற்குக் கூச்சப்படும் தாய்மார்கள் பலர். அதற்குக் கட்டணமில்லை, டிக்கெட் எடுக்கும்போதே மகன் குறித்துவிட்டால், நீண்ட தாழ்வாரங்களில் தள்ளிச் செல்ல ஆள் வருவார், வரிசையிலும் நெடுநேரம் நிற்க நேராது. வரும் ஞாயிறன்று தொலைபேசியில் பேசும்போது, டிக்கெட் விலையைக் கேட்பதற்கு முன் தந்தை இதைக் கேட்கட்டும். அம்மாவின் முழங்காலைப் பற்றியும் அப்படியே பேச்சு வந்துவிடும்.